பனிக்கடியில் போன திமிங்கிலங்கள்

அலாஸ்காவின் வடகோடியில் பாரோ முனை என்று ஓர் இடம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அங்கே நடந்த ஒரு கணக்கெடுப்பைப் பற்றி அறிவியல் நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. விஞ்ஞானிகள் திமிங்கிலங்களை எண்ணினார்கள், தவறாக எண்ணினார்கள். அவ்வூர் வேட்டைக்காரர்கள் தவறு எங்கே என்று சுட்டிக் காட்டினார்கள். விஞ்ஞானிகள் முதலில் காது கொடுக்கவில்லை, பிறகு கொடுத்தார்கள், கணக்குச் சரியாயிற்று. சுற்றுச்சூழல் ஆராய்ச்சியாளரும் பழங்குடி மக்களும் ஒருவரையொருவர் மதித்துக் கூடி உழைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று சொல்லிக் கதையை முடிப்பார்கள்.

கதை பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. இப்படி இனிப்பாகச் சொல்லும்போது இரண்டு விஷயங்கள் மறைந்து போகின்றன. ஒன்று, அந்தக் கணக்கு எந்த வழியில் சரியாயிற்று என்பது. மற்றொன்று, அதைச் சரிசெய்யும் வலிமை அம்மக்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது. இரண்டையும் விட்டுவிட்டு மதிப்பு, கூட்டுறவு என்று பேசினால், அது கல்யாண வீட்டு உபசாரம் போல் காதுக்கு இனிமையாக இருக்கும். வேறு பயன் இராது. ஆகவே கதையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பிராணியைத் தெரிந்துகொள்வோம். வில்தலைத் திமிங்கிலம் வடதுருவக் கடல்களை விட்டு வெளியே வருவதில்லை. பதினைந்து மீட்டருக்கும் மேல் வளரும். அந்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலைதான். மேல்தாடை வில்போல் வளைந்திருப்பதால் இந்தப் பெயர். வாயில் பல் இல்லை. நீண்ட கொம்புத் தகடுகள் சீப்பின் பல்லைப் போல் வரிசையாகத் தொங்குகின்றன. கடல்நீரை அவற்றால் வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்கிறது. முதுகில் துடுப்பும் கிடையாது. பனிக்கட்டிக்கு அடியில் உலவும் பிராணிக்கு முதுகுத் துடுப்பு இடைஞ்சல் அல்லவா? குளிர்காலத்தைப் பெரிங் கடலில் கழித்துவிட்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை பாரோ முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போபோர்ட் கடலுக்குப் போகும்.

1848-ல் தாமஸ் ராய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் பெரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே சென்றார். அவருக்குப் பின்னால் ஒரு கப்பற்படையே சென்றது. எண்ணெய் விளக்குக்குப் போயிற்று. கொம்புத் தகடுகள் சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைக்குப் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வாணிகம் படுத்துவிட்டது. அதற்குள் கொல்லப்பட்ட வில்தலைகள் ஏறத்தாழ 18,000.

இந்த வேட்டைக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் கரையில் திமிங்கிலத்தை நம்பி வாழ்ந்துவரும் மக்கள் இனுப்பியாட் என்பவர்கள். எஸ்கிமோ என்ற பெயரில் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரல்ல. வசந்த காலத்தில் கடற்பனியின் விளிம்பில் கூடாரம் போட்டு, கடல்நாயின் தோல் போர்த்த படகோடு இரவும் பகலும் காத்திருப்பார்கள். ஒரு திமிங்கிலம் கிடைத்தால் ஊர் முழுவதும் பங்கு. விற்பனை கிடையாது. உறைந்த மண்ணில் தோண்டிய நிலவறைகளில் இறைச்சியை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் சாப்பிடுவார்கள்.

1977 ஜூன் மாதம் கான்பெராவில் கூடிய சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்த வேட்டைக்கு அதுவரை இருந்த விலக்கை எடுத்துவிட்டது. எஞ்சியிருக்கும் வில்தலைகள் 600-க்கும் 1,800-க்கும் இடையில்தான் இருக்கும் என்று ஆணையத்தின் அறிவியல் குழு மதிப்பிட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்பது ஊர்களின் வேட்டைத் தலைவர்கள் கூடி அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில ஆணையம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். டிசம்பரில் டோக்கியோவில் நடந்த சிறப்புக் கூட்டத்தில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 1978-ஆம் ஆண்டில் 12 திமிங்கிலங்களைக் கரை சேர்க்கலாம், அல்லது 18 மீது ஈட்டி படலாம். எது முந்துகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்பது ஊர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

ஆணையத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. இனிப்புக் கதையில் இதுவும் விட்டுப்போகிறது. 1970களில் வேட்டைக் குழுக்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. 1977-ல் ஈட்டி பட்டுத் தப்பியோ மூழ்கியோ போன திமிங்கிலங்கள், கரை சேர்ந்தவற்றைவிட அதிகம். ஆயிரத்துச் சொச்சம் பிராணிகளே மிஞ்சியிருக்கின்றன என்று நம்புகிற ஒருவருக்கு இதைக் கண்டால் பதைக்கத்தானே செய்யும்? எனவே கேள்வி ஆணையத்தின் நல்லெண்ணத்தைப் பற்றியது அல்ல. அந்த ஆயிரத்துச் சொச்சம் என்ற எண்ணைப் பற்றியது.

அந்த எண் எப்படி வந்தது? வசந்த காலத்தில் கரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் பனிக்கும், கடலில் மிதக்கும் பனிக்கும் நடுவே நீர் தெரியும் நீண்ட பிளவு ஒன்று உண்டாகும். பனிப்பாளங்கள் மோதி எழும்பிய ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிளவின் வழியே போகும் திமிங்கிலங்களை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். பனி நெருங்கிப் பிளவு மூடிக்கொண்டால் எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள். பிளவு மூடிவிட்டால் திமிங்கிலங்களும் பயணத்தை நிறுத்திக் காத்திருக்கும் என்பது அவர்களுடைய அனுமானம். பிளவுக்கு அப்பால் கெட்டியான பனிக்கடியில் திமிங்கிலம் போகாது என்பது மற்றோர் அனுமானம். இவற்றை மடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. திமிங்கிலம் மீனல்ல, நுரையீரலால் சுவாசிப்பது. தலைக்கு மேல் பனிக்கூரை இருந்தால் மூச்சுக்கு எங்கே போகும்?

இனுப்பியாட் வேட்டைக்காரர்கள் இரண்டையும் மறுத்தார்கள். திமிங்கிலங்கள் பிளவின் ஓரமாக மட்டும் போவதில்லை, கடலில் வெகு அகலத்துக்குப் பரவிப் போகின்றன என்றார்கள். பிளவு மூடினாலும் அவை நிற்பதில்லை. மூச்சு வேண்டும்போது தலையின் உச்சியால் பனியை முட்டி உயர்த்திப் பிளந்து, அந்தக் கீறலில் மூச்சுவிட்டுப் போய்விடும். பனிமேல் சிறு குன்றுபோல் எழும்பி வெடித்த அடையாளம் மட்டும் மிஞ்சும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அதுவும் தெரியாது. துடுப்பை நீரில் இறக்கி அதன் கைப்பிடியைக் காதோடு வைத்துக் கடலின் ஒலிகளைக் கேட்கிற வழக்கமும் அந்த மக்களிடம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பிராணியும் காதுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியல்ல.

அக்காலத்தில் பாரோவில் கடற்படையின் துருவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. ஹாரி பிரோவர் என்ற மூத்த வேட்டைத் தலைவர் அங்கே வேலை பார்த்தவர். தாமஸ் ஆல்பர்ட் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி அவரிடம் பாடம் கேட்டார். பாடம் கேட்டார் என்பதை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. பின்னாளில் வில்தலை ஆராய்ச்சித் திட்டத்தையே நடத்திய ஆல்பர்ட், அதன்மேல் பிரோவருக்கு இருந்த செல்வாக்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி 2001-ல் வெளியிட்டார்.

கதை சொல்பவர்கள் தாண்டிப் போகும் முதல் இடம் இதுதான். பிரோவர் சொன்னதை ஆல்பர்ட் அப்படியே ஏற்றுக்கொண்டு எண்ணைத் திருத்திவிடவில்லை. திருத்தியிருந்தால் சர்வதேச ஆணையம் அதை ஒரு கணமும் மதித்திராது. அவர் செய்தது வேறு. வேட்டைக்காரரின் வாக்கைச் சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோளாக மாற்றினார். பனிக்கடியில் திமிங்கிலம் போகிறது என்றால், பிளவு மூடியிருக்கும் நாட்களிலும் அதன் குரல் கேட்க வேண்டும். கேட்கிறதா?

1980களின் நடுவில் பனி விளிம்பிலிருந்து ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கிகளை வரிசையாகக் கடலில் இறக்கினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிளார்க் இந்த வேலையில் முன்னின்றார். இதன் தத்துவம் எளிது. குளிர்ந்த கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் செல்லும். ஒரே குரல் முதல் ஒலிவாங்கியை எட்டிய அரை வினாடிக்குப் பிறகு இரண்டாவதை எட்டினால், இரண்டாவதற்கும் திமிங்கிலத்துக்கும் இடையிலுள்ள தொலைவு 720 மீட்டர் அதிகம். மூன்று நான்கு ஒலிவாங்கிகளிலிருந்து இப்படிக் கிடைக்கும் கால வேறுபாடுகளைக் கொண்டு வளைகோடுகள் வரைந்தால், அவை வெட்டும் இடத்தில் திமிங்கிலம் இருக்கிறது. பிளவு மூடியிருந்த நாட்களிலும் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. பனிமேட்டின் பார்வைக்கு எட்டாத தொலைவிலிருந்தும் வந்தன. 1985 வசந்தத்தில், ஏறத்தாழ ஒரு சாண் கனமுள்ள பனியை வில்தலைகள் முட்டிப் பிளந்து மூச்சுவிடுவதை ஆய்வாளர்கள் தம் கண்ணாலேயே பார்த்தார்கள்.

பார்வைக்குள் வந்தும் தவறவிட்டவற்றுக்கு இன்னொரு கணக்குத் தேவைப்பட்டது. அதுவும் மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. இரண்டு மேடுகளில் இரண்டு குழுக்களை உட்கார வைத்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் எண்ணச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, முதற்குழு 40 திமிங்கிலங்களையும் இரண்டாம் குழு 30-ஐயும் பார்த்ததாகவும், இருவர் கண்ணிலும் பட்டவை 24 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் குழு பார்த்த 30-ல் 24 முதற்குழுவுக்கும் தெரிந்திருக்கின்றன. அதாவது முதற்குழு நூற்றுக்கு 80 வீதம் பார்க்கிறது. அப்படியானால் அது பார்த்த 40 என்பது 50-ல் நூற்றுக்கு 80. இருவரும் சேர்ந்து பார்த்தவை 46. நான்கு பிராணிகள் இருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கின்றன. உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஜே முதலிய புள்ளியியலாளர்கள் பல ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்டார்கள். அடிப்படை யுக்தி இதுதான்.

விளைவு? 1988-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மதிப்பீடு 7,500-ஐ ஒட்டி வந்தது. 2001-ல் 10,500-ஐ ஒட்டி. 2011-ல் ஏறத்தாழ 16,900. பதினொரு ஆண்டு இடைவெளியில் 600-லிருந்து 1,800 வரை என்ற மதிப்பீடு எங்கே, 7,500 எங்கே!

இந்த இடத்தில்தான் கதை சொல்பவர்கள் கைதட்டு வாங்குகிறார்கள். கடைசி எண்ணையும் முதல் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விஞ்ஞானிகள் பத்து மடங்கு தவறு செய்தார்கள் என்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. திமிங்கிலங்கள் இடையில் குட்டி போடாமலா இருந்தன? 1978-க்கும் 2001-க்கும் இடையில் இந்தக் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.4 வீதம் பெருகியது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கூட்டுவட்டிக் கணக்குத் தெரிந்த எவரும் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம். 10,500-ஐ 1.034-ஆல் இருபத்து மூன்று தடவை வகுத்தால் கிடைப்பது 4,900-க்குச் சற்றுக் குறைவு. அதாவது 1978-ல் கடலில் இருந்தவை ஏறத்தாழ ஐயாயிரம். விஞ்ஞானிகளின் முதல் எண் நிச்சயமாகத் தவறு. பத்து மடங்கு அல்ல, மூன்று முதல் எட்டு மடங்கு. பிற்கால எண்ணில் மிகுதிப் பங்கு உண்மையாகவே பெருகிய திமிங்கிலங்கள். அதற்கு வணிக வேட்டை ஒழிந்ததும் காரணம்; ஈட்டி பட்டு வீணாகும் திமிங்கிலங்களைக் குறைக்க ஆயுதத்தையும் பயிற்சியையும் வேட்டைக்காரர்கள் திருத்திக்கொண்டதற்கும் அதில் பங்கு உண்டு. 1970களின் இறுதியில் ஈட்டி பட்டவற்றில் பாதியளவே கரை சேர்ந்தது. பின்னாளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் விடுவது விஞ்ஞானிகளுக்கு மட்டுமல்ல, வேட்டைக்காரர்களுக்கும் செய்யும் அநீதி. அவர்களுடைய அறிவை வானளாவப் புகழ்ந்துவிட்டு, அவர்கள் தம் வழக்கத்தைத் திருத்திக்கொண்ட முயற்சியை மறைத்துவிடுகிறோம்.

இனி இரண்டாவது விஷயம். இதைப் பார்க்க இருபது ஆண்டுகள் பின்னே போக வேண்டும். கரை அதேதான், மக்களும் அவர்கள்தாம். 1958-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஒரு விந்தையான திட்டத்தோடு அலாஸ்காவுக்கு வந்தது. பாயிண்ட் ஹோப் என்ற இனுப்பியாட் ஊருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, தாம்சன் முனையில், பல அணுகுண்டுகளை வெடித்து ஒரு துறைமுகம் தோண்டுவது திட்டம். சாரியட் என்று பெயர். ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப்படும் எட்வர்ட் டெல்லரே நேரில் வந்து இதற்காகப் பிரசாரம் செய்தார். ஊரார் 1959 நவம்பரில் கூடி இதை எதிர்த்து வாக்களித்தார்கள். 1960 மார்ச்சில் ஆணையத்தின் ஆட்கள் ஊருக்கு வந்து, அஞ்ச வேண்டியதில்லை என்று விளக்கிவிட்டுப் போனார்கள். வேட்டையால் வாழும் மக்கள் கேட்ட கேள்விகள் ஒலிநாடாவில் பதிவாகின. பதில்கள் தேறுதலாக இருந்தனவே தவிர உண்மையாக இல்லை.

அந்தத் திட்டத்தின் பேரால் விரிவான சுற்றுச்சூழல் ஆராய்ச்சியும் நடந்தது. அதில் ஈடுபட்ட உயிரியலாளர்கள் வில்லியம் புருயிட், லெஸ்லி வியெரெக் இருவரும் நேர்மையானவர்கள். துருவ நிலத்தில் பாறைகளில் படரும் லைக்கன் வேரில்லாதது. காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உணவைப் பெறுவது. ஆகையால் அணுகுண்டுச் சோதனைகளால் வானிலிருந்து படியும் கதிரியக்கத் தூசியையும் அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைக் காரிபூ மான் மேய்கிறது. மானை மனிதர் உண்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிகிறது. இத்தகைய முடிவுகளை அமுக்காமல் வெளியிட வேண்டும் என்று நின்றதற்காக இருவரும் அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் வேலை இழந்தார்கள். 1993-ல் அதே பல்கலைக்கழகம் அவர்களை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. முப்பது ஆண்டுத் தாமதம்.

திட்டம் 1962-ல் கைவிடப்பட்டது. ஆனால் அதே 1962-ல், நெவாடா அணுச்சோதனைக் களத்திலிருந்து கொண்டுவந்த கதிரியக்க மண்ணைத் தாம்சன் முனையில் கொட்டி, அது நீரோடு எப்படிப் பரவுகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். முடிந்ததும் அங்கேயே புதைத்தார்கள். ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1992-ல் பழைய ஆவணங்களைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது.

பாயிண்ட் ஹோப் மக்களிடம் 1958-ல் சூழலறிவு இல்லாமலா இருந்தது? பாரோ வேட்டைக்காரர்களுக்கு 1977-ல் இருந்த அதே அறிவுதான். நேர்மையான விஞ்ஞானிகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கவில்லை. பிறகு என்ன மாறியது?

பணம் மாறியது. இப்படிச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் உண்மை அதுதான். 1968-ல் புரூடோ குடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1972-ல் இனுப்பியாட் மக்கள் வடகரை முழுவதையும் சேர்த்து நார்த் ஸ்லோப் பரோ என்ற உள்ளாட்சி அரசை அமைத்துக்கொண்டார்கள். எபென் ஹாப்சன் அதன் முதல் மேயர். எண்ணெய்க் கம்பெனிகளின் நிலையங்களுக்குச் சொத்துவரி போடும் உரிமை அதற்கு வந்தது. அந்த வரிப்பணத்தில் ஆல்பர்ட்டை வேலைக்கு அமர்த்தினார்கள், ஹைட்ரோபோன் வாங்கினார்கள், புள்ளியியலாளரை வரவழைத்தார்கள். கணக்கெடுப்பையே மத்திய அரசின் துறையிடமிருந்து தம் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1981-ல் மத்திய அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு வேட்டையை மேற்பார்க்கும் பொறுப்பையும் வேட்டைக்காரர்களின் ஆணையமே ஏற்றது. விஞ்ஞானி அங்கே விருந்தாளியல்ல, சம்பளம் வாங்குபவர். என்ன கேள்வியை ஆராய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் வேட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆனால் எண் என்ன வரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த எண்ணைச் சர்வதேச ஆணையத்தின் விஞ்ஞானிகள் கிழித்துப் போட்டிருப்பார்கள். கேள்வியை ஊரார் கேட்க, விடையை வெளியார் துருவித் துருவிப் பார்க்க, அந்த இரண்டு கட்டுக்கும் இடையில்தான் நல்ல ஆராய்ச்சி விளைந்தது.

இந்தக் கூட்டுறவை மற்ற நாடுகளும் பின்பற்றலாமே என்று எழுதுபவர்கள், எண்ணெய் கிடைக்காத பழங்குடிகள் ஹைட்ரோபோனுக்கு எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இன்னொரு முரண்பாடும் இதில் உண்டு. திமிங்கிலத்தை எண்ணப் பணம் கொடுத்த எண்ணெயே திமிங்கிலத்துக்குத் தொல்லையும் கொடுக்கிறது. கடலடியில் எண்ணெய் தேட, காற்றுத் துப்பாக்கிகளை நீருக்குள் வெடித்து எதிரொலியைப் பதிவு செய்வார்கள். அந்த அதிர்வு சில கிலோமீட்டருக்குள் இருக்கும் திமிங்கிலங்களை மட்டுமே விரட்டும் என்பது தொழில்துறைக்காக நடந்த ஆய்வுகளின் முடிவு. இல்லை, வெகு தொலைவிலேயே அவை வழி மாறிக் கரையை விட்டு விலகுகின்றன என்றார்கள் வேட்டைக்காரர்கள். விலகினால் சிறு படகில் அவ்வளவு தூரம் கடலுக்குள் போக வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? 1996 முதல் 1998 வரை நடந்த ஆய்வு, அதிர்வு வெடிக்கும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் வில்தலைகள் அநேகமாக வருவதே இல்லை என்று காட்டியது. முந்திய ஆய்வுகளில் வெளிப்படையாகத் துள்ளி ஓடுவதை மட்டுமே அச்சத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் ஒதுங்கிப் போவதை யாரும் அளக்கவில்லை.

புகை நாற்றம் பட்டால் திமிங்கிலம் விலகிப் போகும் என்பது வேட்டைக்காரர் பேச்சு. திமிங்கிலத்துக்கு மோப்பம் கிடையாது என்பது பாடப்புத்தகப் பேச்சு. 2011-ல் தெவிசனும் உடனாய்வாளர்களும் வில்தலையின் மூளையை ஆராய்ந்து, மோப்பத்துக்குரிய பகுதி நன்றாகவே வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். திமிங்கிலம் மனிதரைவிட நெடுநாள் வாழும் என்பது மற்றொரு பேச்சு. 1981 முதல் கரை சேர்ந்த சில திமிங்கிலங்களின் உடலில், எப்போதோ வழக்கொழிந்த பழைய ஈட்டி முனைகள் கிடைத்தன. கண்ணின் வில்லையிலுள்ள புரதத்தில் அஸ்பார்டிக் அமிலம் என்ற பொருள் ஒரு வடிவிலிருந்து அதன் கண்ணாடிப் பிம்ப வடிவுக்கு ஆண்டாண்டாக மெல்ல மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்து வயதைக் கணித்து 1999-ல் வெளியான கட்டுரை, நான்கு ஆண் திமிங்கிலங்கள் நூறு வயதைத் தாண்டியவை என்றது. அவற்றில் ஒன்றுக்கு மதிப்பிட்ட வயது 211. பிழை எல்லை பெரியது என்பதும் உண்மை. 2007-ல் பிடிபட்ட ஒரு திமிங்கிலத்தின் தோளில், 1879-ல் காப்புரிமை பெற்ற வெடியீட்டியின் துண்டு கிடைத்தது.

இந்த உதாரணங்களையெல்லாம் அடுக்கும்போது எனக்கே ஒரு நெருடல் ஏற்படுகிறது. எல்லாமே வேட்டைக்காரர் சொன்னது, பிறகு விஞ்ஞானம் மெய்ப்பித்தது என்ற வகை. மெய்ப்பிக்கப்பட்ட பிறகே அது அறிவு என்று மதிக்கப்பட்டது, அதுவரை பேச்சு. எண்ணாக மாற்ற முடிந்தவை மேசைக்கு வந்தன. தகுதியுள்ள குழுவுக்குத் திமிங்கிலம் தானே தன்னைத் தருகிறது என்ற அவர்களுடைய நம்பிக்கையை எந்த ஹைட்ரோபோனும் அளக்காது. ஆனால் பனிமேல் அமைதி காப்பதும், இறைச்சியைப் பங்கிடுவதும் அந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன. இதை விஞ்ஞானம் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஏற்கவும் முடியாது. ஆனால் அவர்களுடைய அறிவு முழுவதையும் நாங்கள் உள்வாங்கிவிட்டோம் என்று ஆராய்ச்சியாளர்கள் மார்தட்டும்போது, உள்வாங்கியது தமக்குப் பயன்படும் பகுதியை மட்டுமே என்பதை நினைவில் வைக்கலாம்.

பெயர் போடும் விஷயமும் இருக்கிறது. சொன்னவருக்கு நன்றியுரையில் ஒரு வரி, எழுதியவருக்குத் தலைப்பின் கீழ் இடம் என்பதே நெடுநாள் வழக்கம். மாறாக ஒன்றை எடுத்துக் காட்டலாம். பெரிங் கடலிலுள்ள செயின்ட் லாரன்ஸ் தீவின் யூப்பிக் மக்கள் வில்தலையைப் பற்றி அறிந்திருப்பதைத் தொகுத்து, 2007-ல் ஆர்க்டிக் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சவூங்கா ஊரின் வேட்டைத் தலைவர் ஜார்ஜ் நூங்வூக். அவருக்கு அடுத்து ஆசிரியர்களாக இருப்பவை இரண்டு ஊர்கள்: சவூங்கா, காம்பெல். விஞ்ஞானிகள் இருவர் பெயரும் அதற்குப் பிறகே. ஊரே ஆசிரியராக இருப்பது நூலகப் பட்டியல்காரர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும், இருக்கட்டும்.

பாரோ ஊர் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தித் தன் பழைய பெயரான உட்கியாக்விக் என்பதற்கே திரும்பிவிட்டது. 2018-ல் சர்வதேச ஆணையம் 2019 முதல் 2025 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு, அலாஸ்கா, ரஷ்யா இரண்டுக்கும் சேர்த்து 392 திமிங்கிலங்களை அனுமதித்தது. 1977-ன் சண்டை ஒருவாறு முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் பனி பழைய பனியாக இல்லை. 2019-ல் பனிமேட்டிலிருந்து எண்ணியபோது கணக்கு 12,500 அளவுக்குக் குறைந்து வந்தது. அதே ஆண்டுக் கோடையில் விமானத்திலிருந்து எண்ணிய கணக்கு 17,000-ஐ ஒட்டி இருந்தது. பனி நிலை வழக்கத்துக்கு மாறாக இருந்த ஆண்டு அது. மேட்டிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு எட்டாமல் பல திமிங்கிலங்கள் போயிருக்க வேண்டும். கரையோரப் பனி மெலிந்து வருவதால், எண்ணுபவர்கள் ஏறி உட்கார நம்பத்தக்க மேடு கிடைப்பது கடினமாகிறது. வேட்டைக்காரர்கள் கூடாரம் போடவும் அதே பனிதான். எந்த இடம் உடைந்து கடலுக்குள் போகும், எது தாங்கும் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் நடந்து பார்த்துச் சொல்பவர்கள் இன்றும் அவர்களே.